ஆட்டிசமும் கண் நகர்வுப் பதிவும்: பெற்றோரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சிறு குழந்தைகளின் கண் நகர்வைப் பதிவு செய்யும் ஓர் ஆய்வறையில் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். வேலை நேரத்தில் பாதி, வாசலில் காத்திருந்த அம்மாக்களோடும் தாத்தா பாட்டிகளோடும் பேசுவதிலேயே போகும். சிறப்புக் கல்வி படிக்கும் மாணவர்களும் வந்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்பவரின் கலக்கம்தான் ஒவ்வொரு முறையும் புதிது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

1. ஐ டிராக்கர் என்றால் என்ன? தலையில் மாட்டி எடுக்கும் ஸ்கேன் மாதிரியா?

ஸ்கேன் இல்லை. மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதில்லை. குழந்தை பார்க்கும் திரையின் அடியில் ஒரு நீளமான பட்டைபோல் கருவி இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வரும். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் படலத்தில் அந்த ஒளி பட்டு ஒரு சிறு மின்னல் புள்ளியாகத் தெரியும். கேமரா அந்தப் புள்ளியையும் கண்மணியின் நடுவையும் சேர்த்துப் படமெடுக்கும். கண் திரும்பும்போதெல்லாம் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும் திசையும் மாறும். அதை வைத்து, குழந்தை திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று கணினி கணக்கிடும்.

இப்படி விநாடிக்கு 60 முறையோ 120 முறையோ கணக்கிடும் கருவிகள் உண்டு. 500, 1000 முறை கணக்கிடுபவையும் உண்டு. நமது பார்வை ஓரிடத்தில் கால் விநாடி அளவுக்கு நிற்கும், பிறகு சடாரென்று வேறிடத்துக்குத் தாவும். எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எங்கே தாவியது என்பதுதான் பதிவில் கிடைப்பது.

2. அந்த ஒளி குழந்தையின் கண்ணைக் கெடுத்துவிடாதா?

கெடுக்காது. டிவி ரிமோட்டில் இருந்து வருவதும் இதே வகை ஒளிதான். ஆய்வுக் கருவிகள் கண்ணுக்கான பாதுகாப்பு வரம்புக்குள் இயங்கும்படியே செய்யப்படுகின்றன. வலிப்பு வந்திருக்கும் குழந்தை என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குக் காரணம் கருவி இல்லை. திரையில் ஓடும் காட்சிகளில் மினுமினுப்பு எதுவும் இல்லை என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

3. அவன் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காரமாட்டான். அவனை எப்படிப் பதிவு செய்வீர்கள்?

உட்காராத குழந்தைகளிடம்தான் இந்தக் கருவி மிகவும் உதவுகிறது என்று சொல்லலாம். கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாத வயது, பேச்சு வராத குழந்தை, சொன்னதைச் செய்யாத குழந்தை எல்லோரிடமும் இது வேலை செய்யும். பார்த்தால் போதும். தலையைக் கட்டி வைப்பதில்லை. குழந்தை அம்மாவின் மடியில், திரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி உட்காரும். கருவி குழந்தையின் கண்ணுக்குப் பதில் அம்மாவின் கண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி தருவோம். அம்மா எதைப் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் குழந்தையும் சாயும், அதைத் தடுக்கவும் அந்தக் கண்ணாடி உதவும்.

தொடங்குவதற்கு முன் அளவுத் திருத்தம் செய்ய வேண்டும். திரையின் மூலைகளிலும் நடுவிலும் கிலுகிலுப்பை ஒலியோடு ஒரு சின்னப் பொம்மை தோன்றும். குழந்தை அதைப் பார்க்கும்போது கண் எப்படி இருக்கிறது என்று கருவி கற்றுக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஒன்பது இடங்கள் வரை வைப்பார்கள், குழந்தைகளுக்கு ஐந்தோ இரண்டோ கிடைத்தாலே நிம்மதி.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள் உண்டு. மின்விசிறி ஓடினால் முடிந்தது, திரையில் என்ன ஓடினாலும் கண் மேலேயே இருக்கும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு அறையை முன்பே குளிர்வித்து வைப்போம். கண்ணுக்கு மை தீட்டி வந்த குழந்தைகளிடம் கருவி திணறும். இமையோர மையின் கருமையைக் கண்மணியின் கருமை என்று அது மயங்கிவிடும். ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைப்போம். திருஷ்டிக்கு வைத்த கன்னப் பொட்டு அப்படியே இருக்கட்டும், அது எதையும் கெடுப்பதில்லை. சில கருவிகளுக்கு நெற்றியில் ஒரு வட்ட ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். அதை மட்டும் நம் குழந்தைகள் பொட்டு என்று நினைத்துச் சமர்த்தாக ஏற்றுக்கொள்வார்கள்.

4. "சமூகக் கவனம்" என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

சுற்றிலும் ஆயிரம் பொருள்கள் இருக்கும்போது, மனிதர்கள் மேல் கவனம் தானாகப் போய் விழுவது. இத்தாலியில் 2002இல் செய்த ஆய்வு ஒன்றில், பிறந்து 2 முதல் 5 நாள் ஆன சிசுக்கள்கூட வேறெங்கோ பார்க்கும் முகத்தைவிடத் தங்களை நேராகப் பார்க்கும் முகத்தை அதிக நேரம் பார்த்தன.

சோறூட்டும்போது "நிலா பார்" என்று கை நீட்டுகிறோம். மிகச் சிறு குழந்தை நம் விரலையே பார்க்கும். சில மாதங்கள் கழித்து விரல் காட்டும் திசையில் திரும்பி நிலாவைப் பார்க்கும், பிறகு நம் முகத்தையும் ஒரு முறை பார்க்கும், "நீயும் பார்த்தாயா" என்பதுபோல. இருவர் ஒரே பொருளைச் சேர்ந்து பார்ப்பது இணைந்த கவனம். சொல் கற்பதற்கு இது பெரிய துணை. "காக்கா" என்று நாம் சொல்லும்போது குழந்தை காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தால்தானே அந்தச் சொல் அதோடு ஒட்டும்? ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு விதமாக வளரும் நிலை. அது உள்ள குழந்தைகளில் பலருக்கு இந்தத் தானான இழுப்பு வேறு விதமாக இருக்கிறது. எந்த அளவுக்கு, எப்போது, எந்தச் சூழலில் என்று அளக்கத்தான் இந்தக் கருவி.

5. குழந்தைக்கு என்ன காட்டுவீர்கள்? கார்ட்டூனா?

கேள்வி என்னவோ அதற்கேற்ற காட்சி. 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அமி கிளின், வாரன் ஜோன்ஸ் குழுவினர் 15 ஆட்டிச இளைஞர்களுக்கும் 15 மற்ற இளைஞர்களுக்கும் 1966ஆம் ஆண்டின் கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஒன்றின் காட்சிகளைக் காட்டினார்கள். காரசாரமாகப் பேசிக்கொள்ளும் நான்கு பேர். மற்றவர்கள் பெரும்பாலும் கண்களைப் பார்த்தார்கள். ஆட்டிச இளைஞர்கள் வாயையும் உடலையும் அறையின் பொருள்களையும் அதிகம் பார்த்தார்கள். இந்தத் துறை விரைந்து வளர அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

குழந்தைகளுக்கு எளிமையான காட்சிகள். கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் கேரன் பியர்ஸ் குழு ஒரு நிமிடப் படம் வைத்திருக்கிறது. திரையின் ஒரு பாதியில் குழந்தைகள் ஆடிக்கொண்டும் யோகா செய்துகொண்டும் இருப்பார்கள், மறு பாதியில் கோலம்போல் சுழலும் வடிவங்கள். குழந்தை எந்தப் பாதியை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பது மட்டுமே கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது யேலில் கடார்சினா சவார்ஸ்கா குழு செய்தது. ஒரு பெண் மேசையில் சாண்ட்விச் செய்கிறார். சுற்றி நான்கு மூலைகளிலும் பொம்மைகள். சில நேரம் அவர் தலை குனிந்து வேலை செய்கிறார், சில நேரம் நிமிர்ந்து குழந்தையிடமே கொஞ்சிப் பேசுகிறார், சில நேரம் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கிறார். ஒரே பெண், ஒரே அறை, சூழல் மட்டும் மாறுகிறது. 6ஆம் கேள்விக்கு இது தேவைப்படும்.

6. ஆட்டிசக் குழந்தைகள் கண்ணைப் பார்க்கவே மாட்டார்கள் என்பது நிரூபணம் ஆனதுதானே?

இல்லை. "சராசரியாகக் குறைவாகப் பார்க்கிறார்கள்" என்பதுதான் நிரூபணமானது. 2016இல் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் அதைத்தான் சொன்னது. அதோடு இன்னொன்றையும் சொன்னது: திரையில் ஒருவருக்கு மேல் இருந்தால் வித்தியாசம் பெரிதாகிறது. தனி முகம் என்றால் சிறிதாகிறது.

சாண்ட்விச் ஆய்வுக்கு வருவோம். அந்தப் பெண் தன் பாட்டுக்கு வேலை செய்தபோது, ஆட்டிசக் குழந்தைகளின் பார்வைக்கும் மற்றவர்களின் பார்வைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அவர் நிமிர்ந்து குழந்தையை நோக்கிப் பேசிய நேரத்தில்தான் வேறுபாடு தெரிந்தது. அப்போது ஆட்டிசக் குழந்தைகள் அவர் முகத்தைக் குறைவாகப் பார்த்தார்கள். ஆக, "முகம் பிடிக்காது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது தவறு.

இரு குழுக்களின் எண்களை ஒரு தாளில் புள்ளிகளாக வைத்தால், பெரும்பகுதி ஒன்றின் மேல் ஒன்று விழும். கண்ணை நன்றாகப் பார்க்கும் ஆட்டிசக் குழந்தைகள் இருக்கிறார்கள், பார்க்காத மற்ற குழந்தைகளும் இருக்கிறார்கள். குழுவின் சராசரியை உங்கள் வீட்டுக் குழந்தையின் மேல் ஒட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

7. எத்தனையாவது மாதத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்?

2013இல் ஜோன்ஸும் கிளினும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்றது. 110 குழந்தைகளை 2ஆம் மாதத்திலிருந்து 24ஆம் மாதம் வரை பத்து முறை பதிவு செய்தார்கள். அதில் 59 பேர் ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் குழந்தைகள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் 2ஆம் மாதத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தார்கள். அதன்பின் 6ஆம் மாதத்துக்குள் அந்தப் பார்வை மெல்ல மெல்லச் சரியத் தொடங்கியது. பிறக்கும்போதே இல்லாத ஒன்று என்று எண்ணியிருந்தவர்களுக்கு, இருந்து பிறகு குறைகிறது என்பது புதிய செய்தி.

ஆனால் இதைப் படித்துவிட்டு மூன்று மாதக் குழந்தையின் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு தூக்கம் இழக்காதீர்கள். அந்தச் சரிவு வெறும் கண்ணால் காணக்கூடியது இல்லை. முக்கியக் கணக்கில் இருந்த ஆட்டிசக் குழந்தைகளும் 11 ஆண் குழந்தைகள் மட்டும்தான்.

அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் வருமா என்று இதே மூச்சில் கேட்பார்கள். 2024இல் வெளியான, 1,605 இளைய குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் சுமார் 20 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் இருந்தது. ஐந்தில் நான்கு பேருக்கு இல்லை.

8. கண்ணைப் பார்க்கப் பயப்படுகிறானா, இல்லை நம் மேல் அக்கறையே இல்லையா?

நல்ல கேள்வி, ஆய்வாளர்களும் இதில் வாதாடியிருக்கிறார்கள். கண் பார்வை சுட்டால் விலகுவதுபோல் விலகுகிறார்களா, அல்லது கண்ணில் முக்கியச் செய்தி இருப்பது அவர்களுக்கு உறைப்பதில்லையா? 2017இல் ஜெனிபர் மோரியுச்சி, கிளின், ஜோன்ஸ் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். முகம் தோன்றுவதற்கு முன், கண்கள் வரப்போகும் இடத்துக்கே குழந்தையின் பார்வையை ஒரு சின்ன மினுக்கலால் வரவழைத்தார்கள். பயம் என்றால் கண் தெரிந்தவுடன் அவசரமாக விலக வேண்டும். ஆட்டிசக் குழந்தைகள் அப்படி விலகவில்லை. மற்றவர்களைப் போலவே நிதானமாக இருந்தார்கள். காட்சியில் அந்த நபரின் பார்வை உணர்ச்சியோடு பேசும் இடங்களில் மற்றக் குழந்தைகள் கண்ணை நோக்கிப் போனார்கள், இவர்கள் அவ்வளவாகப் போகவில்லை. எனவே இரண்டு வயதில் பயம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

அதே நேரம், வளர்ந்த ஆட்டிச மனிதர்கள் பலர் கண்ணுக்குக் கண் பார்ப்பது தாங்க முடியாத அழுத்தம் தருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதை நான் முழுமையாக நம்புகிறேன். திரையில் ஓடும் முகம் திருப்பிப் பார்ப்பதில்லை, எதிரில் இருக்கும் மனிதர் பார்க்கிறார். இரண்டு வயதின் நிலைமை இருபது வயதிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. "அக்கறை இல்லை" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கண்ணுக்குப் போகாத கவனம் உங்கள் குரலில் இருக்கலாம், 18ஆம் கேள்வியில் வருவதுபோல் உங்கள் கையில் இருக்கலாம்.

9. பாப்பா கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கிறாள். அதுவும் அறிகுறியா?

பேச்சு கற்கும் வயதில் வாயைப் பார்ப்பது இயல்பு. லூகோவிச் என்பவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 4 மாதத்தில் கண்களைப் பார்த்த குழந்தைகள், மழலை தொடங்கும் 8 மாத வாக்கில் வாய்ப் பக்கம் திரும்பினார்கள். ஒரு வயதில், தாய்மொழியைக் கேட்கும்போது கண்ணுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பழக்கமில்லாத மொழியைக் கேட்டால் வாயிலேயே நின்றார்கள். வீட்டில் இரண்டு மொழி கேட்கும் குழந்தைகள் வாயை இன்னும் அதிகம் பார்ப்பதாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. வாயைப் பார்ப்பது மட்டும் எதற்கும் அறிகுறி ஆகாது.

10. நாங்கள் கொஞ்சிப் பேசாமல் போனைக் கொடுத்துவிட்டோம். அதனால்தான் இப்படிப் பார்க்கிறானா?

இந்தக் கேள்வியை அழாமல் கேட்டவர்கள் குறைவு. 2017இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் கான்ஸ்டன்டினோ குழு இரட்டைக் குழந்தைகளை வைத்து இதைப் பார்த்தது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள் கண்ணைப் பார்க்கும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தார்கள், ஒப்புமை 0.91 (1 என்றால் முழு ஒற்றுமை). தனித்தனிக் கருவில் வந்த இரட்டையர்களில் அது 0.35 மட்டுமே. இரு வகைக் குழந்தைகளும் ஒரே வீட்டில் ஒரே அம்மா அப்பாவிடம் வளர்பவர்கள்தான். யார் எங்கே பார்க்கிறார் என்பதில் மரபணுவின் பங்கு அவ்வளவு பெரிது.

1950களிலும் 60களிலும் "பாசமில்லாத தாயால் ஆட்டிசம் வருகிறது" என்று அறிஞர்களே எழுதினார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது பொய் என்று தள்ளப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. போன் நேரத்தைக் குறைத்து எதிரெதிரே விளையாடுவது எந்தக் குழந்தைக்கும் நல்லது, குறையுங்கள். ஆட்டிசத்துக்கு நீங்கள் காரணம் என்ற எண்ணத்தை அதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

11. ரயில் படம் வந்தால் கண்ணெடுக்காமல் பார்க்கிறான், முகம் வந்தால் திரும்பிவிடுகிறான். ஏன்?

நோவா சாசன் 2014இல் இதையே ஆராய்ந்தார். முகத்தின் பக்கத்தில் ரயில், விமானம் போல ஆட்டிசக் குழந்தைகளைப் பொதுவாக ஈர்க்கும் பொருளை வைத்தால், அவர்கள் முகத்தைக் குறைவாகப் பார்த்தார்கள். பக்கத்தில் சாதாரணப் பொருள் இருந்தபோது மற்றக் குழந்தைகளுக்கு நிகராகவே முகத்தைப் பார்த்தார்கள். முகம் தள்ளவில்லை, ரயில் இழுக்கிறது.

12. பத்து நிமிடத்தில் ஆட்டிசமா இல்லையா என்று சொல்லும் கருவி வந்துவிட்டதாமே?

எர்லிபாயிண்ட் என்ற கருவிக்கு 2022 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, நிபுணர் செய்யும் மதிப்பீட்டுக்குத் துணையாகப் பயன்படுத்த மட்டும். "துணை" என்ற சொல் விளம்பரங்களில் தொலைந்துவிடுகிறது.

அதன் ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஆறு மருத்துவ மையங்களில் 475 குழந்தைகள். நிபுணர்கள் ஆட்டிசம் என்று கண்ட 221 பேரில் 157 பேரைக் கருவியும் கண்டது, 64 பேரைத் தவறவிட்டது. ஆட்டிசம் இல்லாத 254 பேரில் 49 பேருக்கு இருப்பதாகச் சொன்னது. அதாவது ஆட்டிசம் உள்ளவர்களில் 71 சதவீதத்தினரையும் இல்லாதவர்களில் 80.7 சதவீதத்தினரையும் சரியாகச் சொன்னது. நிபுணர்கள் தங்கள் முடிவில் உறுதியாக இருந்த குழந்தைகளை மட்டும் எடுத்தால் 78, 85.4 என்று கூடியது. கருவியை உருவாக்கிய ஆய்வாளர்களுக்கு அந்த நிறுவனத்தில் பங்கு உண்டு, அதைக் கட்டுரையிலேயே அறிவித்திருக்கிறார்கள். எண்களைப் படிப்பவர் அதையும் படிக்க வேண்டும்.

5ஆம் பதிலில் சொன்ன கோல வடிவப் படத்தின் கதை வேறு. 2011இல் 69 சதவீதத்துக்கு மேல் வடிவங்களையே பார்த்த குழந்தைகள் அனைவருக்கும் ஆட்டிசம் இருந்தது. பிறகு 1,863 குழந்தைகளிடம் செய்தபோது, ஆட்டிசம் இல்லாதவர்களில் 98 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் 17 சதவீதத்தினரை மட்டுமே பிடித்தது. "ஆம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஆம். "இல்லை" என்று சொன்னால் அதற்கு மதிப்பே கிடையாது.

13. 80 சதவீதம் சரி என்றால் நல்லதுதானே? அங்கன்வாடியில் எல்லாக் குழந்தைக்கும் செய்துவிடலாமே?

ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். பத்தாயிரம் குழந்தைகள், நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேருக்கு இருக்கிறது. 71 பேரைக் கருவி காணும். மீதி 9,900 பேரில் 19.3 சதவீதத்தினரைத் தவறாகச் சொல்லும், அது 1,900க்கு மேல். மணி அடித்த ஏறக்குறைய 2,000 வீடுகளில் 71 வீட்டுக்கு மட்டுமே அது உண்மையான மணி.

12ஆம் பதிலில் சொன்ன ஆய்வு, ஏற்கெனவே மருத்துவ மையத்துக்கு வந்த குழந்தைகளிடம் நடந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. அங்கே பொருந்தும் எண் அங்கன்வாடிக்குப் பொருந்தாது. இது கருவியின் குற்றம் இல்லை, எந்தச் சோதனைக்கும் இந்தக் கணக்குத்தான்.

14. இவ்வளவு விலையுள்ள கருவி நம் ஊரில் எத்தனை இடத்தில் இருக்கும்? செல்போன் கேமராவிலேயே செய்ய முடியாதா?

அந்தத் திசையில்தான் போகிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் டாசன் குழு டேப்லெட் கேமராவால் குழந்தையின் பார்வை, முகபாவம், பெயர் சொன்னால் திரும்புவது, தொடுதல் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்யும் செயலி ஒன்றை உருவாக்கி 475 குழந்தைகளிடம் சோதித்து 2023இல் வெளியிட்டது. பார்வை ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்தது நல்ல முடிவு.

இந்தியாவில் ஆட்டிச அறிகுறிகளை டேப்லெட்டால் கண்டறிய முயலும் ஸ்டார்ட் என்ற திட்டம் உண்டு. ரீடிங் பல்கலைக்கழகத்தின் பீஷ்மதேவ் சக்ரவர்த்தி, மும்பை ஐ.ஐ.டி., டெல்லி எய்ம்ஸ், சங்கத் என்ற அமைப்பு ஆகியோர் சேர்ந்து செய்தது. டெல்லியில் 2 முதல் 7 வயது வரையுள்ள 131 குழந்தைகளிடம், நிபுணர் அல்லாத களப்பணியாளர்களே டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். மனிதர்கள் ஒரு பக்கம், வடிவங்கள் ஒரு பக்கம் என்ற அதே விளையாட்டும் அதில் இருக்கிறது. மூலையில் கொசுவலை தொங்கும் அறையில், வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் வேலை செய்யும் கருவிதான் நமக்கு உதவும்.

இன்றைக்கு உங்கள் குழந்தை மேல் சந்தேகம் இருந்தால் கருவியைத் தேடி அலைய வேண்டாம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்று, ஆட்டிச அறிகுறிகளைப் பற்றிப் பெற்றோர் பதில் சொல்லும் 20 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. உறுதியான முடிவு வரும் வரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சி, விளையாட்டுப் பயிற்சி தொடங்கலாம்.

15. (மாணவி ஒருவர்) என் பதிவில் பாதிக்கு மேல் காணவில்லை. கண், வாய் என்று பிரித்துக் கணக்கிடலாமா?

பிரிக்கும் முன் ஒரு கணக்கைப் போடுங்கள். 60 செ.மீ. தூரத்தில் பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரி என்பது திரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். நல்ல பெரியவரிடம் பிழை அரை டிகிரி இருக்கலாம், நெளியும் குழந்தையிடம் அது இரண்டு டிகிரியும் ஆகலாம். உங்கள் படத்தில் கண்ணுக்கும் வாய்க்கும் நான்கு சென்டிமீட்டர் என்றால், கண்ணைப் பார்த்த பார்வை மூக்கில் போய் விழும். அப்படியானால் "முகம்", "முகம் அல்லாதது" என்று இரண்டாக மட்டும் பிரியுங்கள். அளவுத் திருத்தம் முடிந்ததும் ஒரு பொம்மையைத் தெரிந்த இடத்தில் காட்டிப் பிழையை அளந்து எழுதி வையுங்கள். இடையிலும் ஒரு முறை காட்டுங்கள்.

காணாமல் போன பதிவு இன்னும் ஆபத்தானது. குழந்தை வேறெங்கோ பார்த்ததா, கண் சிமிட்டியதா, கருவி கண்ணைத் தொலைத்ததா? மூன்றும் பதிவில் ஒரே வெற்றிடமாகத்தான் இருக்கும். அறையில் ஒரு சாதாரண வீடியோ கேமராவையும் ஓடவிடுங்கள், அதுதான் சாட்சி. ஆட்டிசக் குழுவில் வெற்றிடம் அதிகம் என்றால், முகத்தைக் குறைவாகப் பார்த்தார்கள் என்ற உங்கள் முடிவு, திரையையே குறைவாகப் பார்த்தார்கள் என்பதாகவும் இருக்கலாம். திரையைப் பார்த்த நேரத்தில் எத்தனை பங்கு முகத்துக்கு என்று கணக்கிடுங்கள், மொத்த நேரத்தையும் தனியாகத் தெரிவியுங்கள். எத்தனை குழந்தைகளின் பதிவை நீக்கினீர்கள், ஏன் என்பதை மறைக்காதீர்கள். பதிவு சரியாக வராத குழந்தைகள் பெரும்பாலும் அதிக உதவி தேவைப்படும் குழந்தைகள். அவர்களை நீக்கிவிட்டு எழுதும் முடிவு அவர்களைப் பற்றியதாக இருக்காது.

16. ஆங்கிலத்தில் பேசும் வெள்ளைக்காரப் பெண்ணின் வீடியோவைக் கிராமத்துக் குழந்தைக்குக் காட்டி அளக்கலாமா?

9ஆம் பதிலைப் பாருங்கள். தெரியாத மொழி என்றாலே குழந்தை வாயைப் பார்க்கும். அதை ஆட்டிசக் கணக்கில் சேர்த்தால் தவறு. தெரிந்த மொழி, பழகிய முகச் சாயல், பழகிய பொருள்களோடு புதிதாகப் படமெடுப்பதே சரி. நாங்கள் சேலை கட்டிய ஒரு பெண்ணைத் தரையில் உட்கார்ந்து பூத்தொடுக்கச் சொல்லி, இடையிடையே நிமிர்ந்து "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேட்க வைத்துப் படமெடுத்தோம். பாட்டியோடு வளரும் குழந்தைகள் அந்தக் கேள்வியில் திரும்பிப் பார்த்த வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

17. "என்னைப் பார், என்னைப் பார்" என்று பயிற்சி கொடுத்தால் இந்த எண் கூடிவிடுமே?

எண் கூடலாம். அதனால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி, பார்த்தால்தான் பிஸ்கட் என்று சொல்லும் பயிற்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். குழந்தை பார்த்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இந்த ஆய்வுகளில் அளக்கப்படுவது தானாகப் போகும் கவனம். கட்டளைக்குப் பார்ப்பது வேறு. 8ஆம் பதிலில் சொன்ன பெரியவர்களில் பலர் இந்தப் பயிற்சியின் வேதனையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள்.

குழந்தை எதைப் பார்க்கிறதோ அங்கே நீங்கள் போங்கள். சக்கரத்தைச் சுற்றுகிறதா, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சுற்றுங்கள், "சுத்துது" என்று சொல்லுங்கள். கைதட்டு விளையாட்டு விளையாடுங்கள். 2009இல் ஆய்வாளர்கள் ஒளிப் புள்ளிகளால் ஆன மனித உருவங்களைக் காட்டியபோது, இரண்டு வயது ஆட்டிசக் குழந்தைகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கைதட்டும் உருவம் வந்தபோது மட்டும், புள்ளிகள் மோதும் கணமும் தட்டும் ஒலியும் ஒன்றாக வந்ததால் திரும்பிப் பார்த்தார்கள்.

18. பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் பிள்ளை என் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

இண்டியானா பல்கலைக்கழகத்தில் குழந்தை, பெற்றோர் இருவர் தலையிலும் சிறு கேமராவோடு கூடிய கருவியை மாட்டி, பொம்மைகளைக் கொடுத்து அவர்கள் பாட்டுக்கு விளையாடவிட்டார்கள். திரை கிடையாது. அங்கே ஆட்டிசக் குழந்தைகள் மட்டும் இல்லை, மற்றக் குழந்தைகளும் அம்மா அப்பாவின் முகத்தை மிகக் குறைவாகவே பார்த்தார்கள். ஆனாலும் இருவரும் ஒரே பொம்மையைச் சேர்ந்து பார்க்கும் நேரம் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முகத்தைப் பார்க்காமல் எப்படிச் சேர்ந்தார்கள்? கையைப் பார்த்து. அம்மாவின் கை எதை எடுக்கிறதோ அங்கே குழந்தையின் கண் போனது.

அந்த அம்மாவின் பதிவை நாங்கள் மறுபடி ஓடவிட்டோம். இந்த முறை முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கச் சொன்னேன். அவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறார், மகன் பார்க்கும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி அவர் விரல் நுனியில் நிற்கிறது. தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கிறார், புள்ளி கூடவே போகிறது. வளையல் சரிந்து முழங்கைக்குப் போகிறது, புள்ளியும் அதோடு போய் வளையலில் நிற்கிறது. அவர் வீடியோவை நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னார்.